ஐந்து டாலர் நுழைவுச்சீட்டும் ஐந்து டாலர் பதிவிறக்கமும்: ஃபுகாசி இசைக்குழுவின் கச்சேரி ஆவணத்தில் விலையின் வரலாறு (1987–2011)

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் 1987ஆம் ஆண்டு தோன்றிய ஃபுகாசி, சுயாதீன ராக் இசை மரபில் முதன்மையான இடம்பெற்ற குழுவாகும். தன் கச்சேரிகளுக்கு ஐந்து டாலர் அளவிலேயே நுழைவுக் கட்டணம் வாங்கியமையும், வயது வேறுபாடின்றி அனைவரையும் அனுமதித்தமையும் இக்குழுவின் அடையாளங்கள். இக்குழு நிகழ்த்திய ஆயிரத்திற்கும் மேற்பட்ட கச்சேரிகளுள் எண்ணூற்றுக்கும் மேற்பட்டவை ஒலிப்பதிவு செய்யப்பெற்றன. அவற்றைப் பதிவிறக்கமாக விற்கும் திட்டம் 2011 டிசம்பரில் தொடங்கியபோது, பரிந்துரைக்கப்பட்ட விலையும் ஐந்து டாலராகவே இருந்தது. இவ்விரு விலைகளையும் இணைத்து நோக்கும் இக்கட்டுரை, மலிவான சட்டப்பூர்வ இசைப் பதிவிறக்கம் தொழில்நுட்பத்தின் கொடை மட்டுமன்று, உரிமையும் செலவும் யார் கையில் உள்ளன என்பதைப் பொறுத்தது என்னும் கருத்தை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: சுயாதீன இசை, கச்சேரி, நுழைவுக் கட்டணம், பதிவிறக்கம், பதிப்புரிமை, ஒலி ஆவணம், ஃபுகாசி, டிஸ்கார்ட்

1. முன்னுரை

இசைப் பதிவிறக்கத்தின் வரலாறு பெரும்பாலும் ஒரே முறையில் சொல்லப்பட்டு வருகிறது. 1999இல் நாப்ஸ்டர் தோன்றியது. கேட்போர் பணம் கொடுக்காமல் பாடல்களைப் பகிர்ந்துகொண்டனர். இசை நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. 2003இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐட்யூன்ஸ் கடை சட்டப்பூர்வமான வழியைக் காட்டியது என்பதே அவ்வரலாற்றின் சுருக்கம். இக்கதையில் இரண்டு தரப்பினரே தென்படுகின்றனர். ஒரு தரப்பு பெரிய இசை நிறுவனங்களும் தொழில்நுட்ப நிறுவனங்களும். மற்றொரு தரப்பு பணம் கொடுக்க மனமில்லாத கேட்போர். விலை என்பது இவ்விரு தரப்பினரிடையே நடந்த இழுபறியின் விளைவாக மட்டுமே காட்டப்படுகிறது.

விலையைத் தாமே முடிவு செய்து, அம்முடிவைப் பல ஆண்டுகள் காத்துநின்ற இசைக்கலைஞர்கள் இச்சித்திரத்தில் இடம்பெறுவதில்லை. அத்தகையோருள் ஃபுகாசி குழுவினர் குறிப்பிடத்தக்கவர்கள். இணையம் பொதுமக்களின் கைக்கு வருவதற்கு முன்பே அவர்களின் விலைக்கொள்கை உருவாகிவிட்டது. அக்கொள்கை முதலில் கச்சேரி அரங்கின் வாயிலில் செயல்பட்டது. பின்னர்ப் பதிவிறக்கத்திற்கு இடம்பெயர்ந்தது. இவ்விடப்பெயர்ச்சி எவ்வாறு நிகழ்ந்தது, அதற்கு எவை துணைநின்றன, அதன் வரம்புகள் யாவை என்னும் வினாக்களுக்கு இக்கட்டுரை விடை தேடுகிறது.

2. டிஸ்கார்ட் நிறுவனமும் சுயாதீனத்தின் பொருளியலும்

ஃபுகாசியின் விலைக்கொள்கையை அறிய, அக்குழுவின் வெளியீட்டகமான டிஸ்கார்டின் தோற்றத்தை அறிதல் வேண்டும். வாஷிங்டன் நகரின் பங்க் இசை இளைஞர்களான இயன் மெக்கை, ஜெஃப் நெல்சன் முதலியோர் தீன் ஐடில்ஸ் என்னும் குழுவை நடத்திவந்தனர். 1980இல் அக்குழு கலைந்தது. கச்சேரிகளில் ஈட்டிச் சேர்த்துவைத்த பணத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளாமல், தங்கள் பாடல்களை இசைத்தட்டாக வெளியிட அவர்கள் முடிவு செய்தனர். அதன்பொருட்டுத் தொடங்கப்பட்டதே டிஸ்கார்ட் வெளியீட்டகம். தொடக்ககால இசைத்தட்டுகளின் உறைகளை வெட்டி, மடித்து, ஒட்டும் வேலையை அவர்களே கைப்படச் செய்தனர்.

1981 முதல் வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனில் இருந்த ஒரு வாடகை வீடு, இசைக்கலைஞர்களின் குடியிருப்பாகவும் பயிற்சிக்கூடமாகவும் வெளியீட்டக அலுவலகமாகவும் விளங்கியது. வாழ்க்கைச் செலவும் தொழிற்செலவும் ஒரே கூரையின்கீழ்ச் சுருங்கியமை பிற்கால விலைக்கொள்கைக்கு அடித்தளமாக அமைந்தது. டிஸ்கார்ட் வாஷிங்டன் வட்டாரக் குழுக்களின் இசையை மட்டுமே வெளியிட்டது. குழுக்களோடு எழுத்துவழி ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை. தபால்செலவு உட்பட விலை இவ்வளவு என்று இசைத்தட்டின் உறையிலேயே அச்சிடும் வழக்கமும் அதனிடம் இருந்தது. இடையிலுள்ள கடைக்காரர் விலையை உயர்த்தினால், நேரடியாக எழுதி வாங்கலாம் என்பதை வாங்குவோர் அறிய இவ்வழக்கம் உதவியது.

பெருநிறுவனங்களின் நடைமுறை இதற்கு நேர்மாறானது. அங்கே ஒலிப்பதிவு, விளம்பரம், பயணம் ஆகியவற்றுக்கான செலவுகள் முன்பணமாகக் கொடுக்கப்பட்டுக் கலைஞரின் பங்கிலிருந்து கழிக்கப்பட்டன. ஒலிப்பதிவின் உரிமை நிறுவனத்தைச் சார்ந்தது. ஒலிப்பதிவாளரும் இசைக்கலைஞருமான ஸ்டீவ் அல்பினி 1993இல் 'பேஃப்ளர்' இதழில் எழுதிய கட்டுரை இந்நடைமுறையைக் கணக்கு வாயிலாகத் தோலுரித்தது. இரண்டரை இலட்சம் படிகள் விற்ற ஒரு கற்பனைக் குழுவின் வரவு செலவை அவர் வரிசைப்படுத்தினார். எல்லாக் கழிவுகளும் போக, உறுப்பினர் ஒவ்வொருவர் கையிலும் எஞ்சுவது ஏறத்தாழ நான்காயிரம் டாலரே என்று அவர் காட்டினார். டிஸ்கார்டின் சிறிய செலவுக் கட்டமைப்பு எத்தகைய முறைக்கு மாற்றாக நின்றது என்பதை இக்கணக்கு விளக்குகிறது.

3. கச்சேரி இரவும் ஐந்து டாலரும்

ஃபுகாசியின் முதற்கச்சேரி 1987 செப்டம்பர் 3 அன்று வாஷிங்டனின் வில்சன் மையத்தில் நடைபெற்றது. இயன் மெக்கை, ஜோ லாலி, பிரெண்டன் கேன்டி ஆகிய மூவர் அன்று மேடையேறினர். கீ பிச்சியோட்டோ பின்னர் இணைந்தார். இந்நால்வரும் 2002 நவம்பரில் இலண்டனில் நிகழ்த்திய கடைசிக் கச்சேரிவரை மாறாமல் தொடர்ந்தனர். அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் பல அயல்நாடுகளிலும் அவர்களின் கச்சேரிகள் நிகழ்ந்தன.

இக்கச்சேரிகளுக்கு மூன்று நெறிகள் இருந்தன. முதலாவது, நுழைவுக் கட்டணம் ஐந்து டாலர் அளவில் இருத்தல் வேண்டும். பிற்காலத்தில் சில இடங்களில் இது சற்றே உயர்ந்தபோதும் அடிப்படை மாறவில்லை. இரண்டாவது, எவ்வயதினரும் உள்ளே வரலாம். மூன்றாவது, கச்சேரியில் ஒருவர் மற்றவரைத் துன்புறுத்தக் கூடாது. இம்மூன்றும் தனித்தனி நெறிகளாகத் தோன்றினும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை.

வயதுநெறியை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் இசைக்கூடங்கள் பலவற்றின் வருவாய் மதுவிற்பனையைச் சார்ந்தது. ஆகவே மது அருந்தும் வயதை எட்டாத இளைஞரை உள்ளே விடுவதில் உரிமையாளர்களுக்கு ஆர்வமில்லை. 1980இல் தீன் ஐடில்ஸ் குழுவினர் சான் பிரான்சிஸ்கோ சென்றபோது, மது வழங்கக் கூடாதவர் என்பதைக் காட்ட அவர்களின் புறங்கையில் பெருக்கல் குறி இடப்பட்டது. அவ்வழக்கத்தை அவர்கள் வாஷிங்டனுக்குக் கொண்டுவந்தனர். இளையோரையும் அனுமதிக்க வழிகாட்டிய அக்குறி, நாளடைவில் மதுவும் போதைப்பொருளும் வேண்டா என்னும் இளைஞர் இயக்கத்தின் சின்னமாகவே மாறியது.

அனைவரையும் அனுமதித்தால் மதுவருவாய் குறையும். நுழைவுக் கட்டணத்தையும் குறைத்தால் கூட உரிமையாளரின் வருவாய் மேலும் குறையும். எனவே ஃபுகாசி தனக்கேற்ற இடங்களைத் தானே தேட வேண்டியிருந்தது. தேவாலயக் கூடங்கள், சமூகக் கூடங்கள், பள்ளி, கல்லூரி அரங்குகள் போன்றவை கச்சேரிக் களங்களாயின. நிகழ்ச்சி முகவரோ மேலாளரோ இல்லாமல், மெக்கையே தொலைபேசிவழி ஊர் ஊராகப் பேசிக் கச்சேரிகளை ஏற்பாடு செய்தார். குழுவின் பெயர் பொறித்த சட்டைகளை விற்கும் வழக்கமும் இல்லை. முகவர் கழிவு, மேலாளர் கழிவு, பெரும்பயணக் குழுவின் செலவு ஆகியவை இல்லாமையால் ஐந்து டாலரிலும் வருவாய் கிடைத்தது. ஆயிரம் பேர் கூடிய அரங்கில் மொத்த வசூல் ஐயாயிரம் டாலர். அதிலிருந்து கழியும் கைகள் குறைவாக இருந்ததே இம்முறையின் உயிர்நாடி.

மூன்றாம் நெறியிலும் விலை பங்கு வகித்தது. பங்க் கச்சேரிகளில் மேடைமுன் இடித்து ஆடும் வழக்கம் சில வேளைகளில் வன்முறையாக மாறும். அத்தருணங்களில் ஃபுகாசி இசையை நிறுத்தித் தொடர்புடையவரைப் பெயர்சொல்லாமல் சுட்டி அறிவுறுத்தும். அவர் அடங்காவிடில், அவருடைய ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியேற்றுவதுண்டு; இதற்கெனப் பணமிட்ட உறைகளை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருந்தனர். கட்டணம் குறைவாக இருந்ததாலேயே இது இயன்றது. ரசிகர் கொடுத்த பணம், அரங்கில் எதையும் செய்வதற்கான உரிமத்தை அவருக்கு வழங்கவில்லை. அது இருதரப்பையும் கட்டுப்படுத்திய ஓர் உடன்பாடாக இருந்தது.

சொந்த நகரமான வாஷிங்டனில் இக்குழுவின் கச்சேரிகள் பெரும்பாலும் பொதுநலனுக்கு நிதி திரட்டுவனவாகவோ கட்டணமற்றனவாகவோ அமைந்தன. இவற்றுள் பலவற்றைப் பாசிட்டிவ் ஃபோர்ஸ் என்னும் செயற்பாட்டுக் குழு ஒருங்கிணைத்தது. 1991 ஜனவரி 12 அன்று, வளைகுடாப் போர் தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன், வெள்ளை மாளிகையின் எதிரிலுள்ள லஃபாயெட் பூங்காவில் கடுங்குளிரில் நடந்த போரெதிர்ப்புக் கச்சேரி இவற்றுள் பெயர்பெற்றது. ரெனோ கோட்டைப் பூங்காவின் கோடைக்காலத் திறந்தவெளிக் கச்சேரிகளிலும் இக்குழு பலமுறை இசைத்தது.

இக்காலத்தில் நுழைவுச்சீட்டு விலையைக் குறைக்கப் பெருங்குழுக்கள் முயன்றதும் உண்டு. பேர்ல் ஜாம் குழு தன் சீட்டுகளைப் பதினெட்டு டாலருக்கும், அதன்மேல் சேவைக் கட்டணத்தை 1.80 டாலருக்கும் மிகாமல் விற்க விரும்பியது. சீட்டுவிற்பனையில் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் முற்றுரிமை செலுத்துவதாக 1994இல் அமெரிக்க நீதித்துறையிடம் முறையிட்டது. 1995 ஜூலையில் அரசு அவ்விசாரணையை நடவடிக்கையின்றி முடித்துக்கொண்டது. உலகப் புகழ்பெற்ற அக்குழுவால் இயலாதது, மிகச் சிறிய குழுவால் இயன்றது எவ்வாறு? பெரிய அரங்குகளையும் அவற்றோடு பிணைந்த சீட்டுவிற்பனை முறையையும் சாராமல் கச்சேரி நடத்தும் ஏற்பாடு ஃபுகாசியிடம் இருந்தது. பேர்ல் ஜாமின் கூட்டத்திற்குச் சிறிய கூடங்கள் போதுமானவையாக இல்லை. குறைந்த விலைக்கு நல்லெண்ணம் மட்டும் போதாது, விநியோகத்தின் மீதான கட்டுப்பாடும் வேண்டும் என்பதை இவ்வொப்பீடு புலப்படுத்துகிறது.

4. பதிவிறக்கத்தின் சட்டமும் பூட்டும்

கச்சேரி வாயிலில் இக்கொள்கை நிலைபெற்ற காலத்திலேயே இசையின் வடிவம் மாறத் தொடங்கியது. எம்பி3 வடிவம் 1990களின் பிற்பகுதியில் கணினிகளில் பரவியது. 1999 ஜூனில் வெளியான நாப்ஸ்டர், பயனர்களின் கணினிகளிலிருந்த பாடல்களை ஒருவர்க்கொருவர் பகிர வழிவகுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிற்சங்கத்தைச் சார்ந்த நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2001 பிப்ரவரியில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் நாப்ஸ்டருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜூலையில் அச்சேவை நின்றது. 2003 செப்டம்பரில் இசை நிறுவனங்கள் 261 தனிநபர்கள் மீது வழக்குத் தொடர்ந்தன. விற்பவர், வாங்குபவரையே எதிரியாகக் கொண்ட காலமாக இது அமைந்தது.

2003 ஏப்ரல் 28 அன்று திறக்கப்பட்ட ஐட்யூன்ஸ் கடை, ஒரு பாடலை 99 சென்டுக்கு விற்றது. முதல் வாரத்திலேயே பத்து இலட்சம் பாடல்கள் விற்பனையாயின. ஆயினும் அப்பாடல்கள் எண்ணிமப் பூட்டுடன் வந்தன. வாங்கியவர் எத்தனை கணினிகளில், எந்தக் கருவியில் கேட்கலாம் என்பதை நிறுவனமே வரையறுத்தது. 2007 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியிட்ட திறந்த மடல், இப்பூட்டை நீக்க இசை நிறுவனங்கள் இசைய வேண்டும் என்றது. 2009இல் ஐட்யூன்ஸ் இசைப்பாடல்கள் பூட்டின்றி விற்கப்படலாயின. சட்டப்பூர்வமாக வாங்கியவருக்குப் பூட்டிய கோப்பும், சட்டத்திற்குப் புறம்பாக எடுத்தவருக்குப் பூட்டற்ற கோப்பும் கிடைத்த முரண் இவ்வாறு ஏறத்தாழ ஆறாண்டுகள் நீடித்தது.

சுயாதீனத் தரப்பில் இம்முரண் குறைவு. 1998இல் தொடங்கிய ஈமியூசிக், தொடக்கம் முதலே பூட்டற்ற எம்பி3 கோப்புகளை விற்றது. பெருநிறுவனங்கள் அதனைத் தவிர்த்தமையால் சுயாதீன வெளியீட்டகங்களின் இசையே அங்கு மிகுந்திருந்தது. கச்சேரிப் பதிவுகளைப் பொறுத்தவரை மற்றொரு மரபும் இருந்தது. கிரேட்ஃபுல் டெட் குழு, 1984இல் ஒலிப்பதிவு செய்யும் ரசிகர்களுக்கென அரங்கில் தனிப்பகுதியையே ஒதுக்கியது. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2002இல் கச்சேரி ஒலிப்பதிவுகளுக்கான இலவசத் தொகுப்பைத் தொடங்கியது. ஃபிஷ் குழு அவ்வாண்டின் இறுதி முதல் தன் கச்சேரிகளைப் பதிவிறக்கமாக விற்றது. 2007 அக்டோபர் 10 அன்று ரேடியோஹெட் குழு 'இன் ரெயின்போஸ்' தொகுப்பை, வாங்குவோர் விரும்பிய விலைக்கு வழங்கியது. ஃபுகாசியின் ஆவணத் திட்டம் இம்முன்னோடிகளுக்குப் பின் வந்ததே. எனினும் அதன் விலை, முன்பே கச்சேரி வாயிலில் நிலைபெற்ற ஒரு வழக்கத்திலிருந்து பிறந்தது என்பதில் அது வேறுபடுகிறது.

5. ஒலிநாடாவிலிருந்து பதிவிறக்கத்திற்கு

ஃபுகாசியின் ஒலிப் பொறியாளர்கள் கச்சேரிகளை வழக்கமாகப் பதிவு செய்துவந்தனர். தொடக்கத்தில் கேசட், பின்னர் எண்ணிம ஒலிநாடா, இறுதியில் குறுவட்டு எனப் பதிவுக்கருவி காலத்துக்கேற்ப மாறியது. இப்பதிவுகள் விற்பனையை நோக்கமாகக் கொண்டு எழுந்தவையல்ல. இக்குழு முன்கூட்டிய பாடல் நிரலின்றி மேடையேறும் வழக்கமுடையது. எந்தப் பாடலுக்குப் பின் எந்தப் பாடல் என்பது மேடையிலேயே முடிவாகும். ஆதலால் ஒவ்வோர் இரவும் மற்றோர் இரவிலிருந்து வேறுபட்டது. பதிவுநாடா ஒன்றே அவ்வேறுபாட்டின் சான்று.

2000களின் நடுப்பகுதியில் இவற்றுள் சில கச்சேரிகள் குறுவட்டுகளாக வெளியிடப்பட்டன. ஆனால் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட கச்சேரிகளைக் குறுவட்டாக அச்சிட்டு, கிடங்கில் வைத்து, அஞ்சலில் அனுப்புவது நடைமுறைக்கு ஒவ்வாதது. ஒரு கச்சேரியை நூறு பேரே விரும்பக்கூடும். மற்றொன்றை அன்று அரங்கிலிருந்த சிலர் மட்டுமே கேட்க விழையலாம். பதிவிறக்கம் இச்சிக்கலைத் தீர்த்தது. பழைய நாடாக்களை எண்ணிம வடிவுக்கு மாற்றும் உழைப்பு ஒருமுறை மட்டுமே. அதன்பின் ஒரு படிக்கான செலவு மிகச் சிறிது. 2011 டிசம்பரில் 130 கச்சேரிகளோடு இத்தொகுப்பு இணையத்தில் திறக்கப்பட்டது. பிற கச்சேரிகள் படிப்படியாகச் சேர்க்கப்பட்டன.

சட்டநோக்கில் இத்திட்டம் எளிதாக இயன்றமைக்குக் காரணம் உண்டு. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு பாடலில் இரண்டு உரிமைகளை வேறுபடுத்துகிறது. ஒன்று, இயற்றப்பட்ட பாடலின் உரிமை. மற்றொன்று, அப்பாடலின் ஒலிப்பதிவுக்குரிய உரிமை. ஒலிப்பதிவுகளுக்குக் கூட்டரசுச் சட்டப் பாதுகாப்பு 1972 பிப்ரவரி 15 முதலே கிடைத்தது. மேடை நிகழ்ச்சியைக் கலைஞரின் இசைவின்றிப் பதிவு செய்து விற்பதைத் தடுக்கும் பிரிவு 1994இல் சேர்ந்தது. ஒரு கச்சேரிப் பதிவைச் சட்டப்பூர்வமாக விற்க விழைவோர் இவை அனைத்திற்கும் இசைவு பெறுதல் வேண்டும். பெருநிறுவனத்தோடு தனியுரிமை ஒப்பந்தம் செய்த கலைஞர், தம் கச்சேரியைத் தாமே விற்கவும் நிறுவனத்தின் அனுமதியை நாடவேண்டியவர். ஃபுகாசியினரோ தம் பாடல்களைத் தாமே இயற்றியவர்கள். பதிவுகளைத் தம் பொறியாளர்களைக்கொண்டு எடுத்தவர்கள். வெளியீட்டகம் மெக்கையும் நெல்சனும் நடத்தியது. உரிமைகள் அனைத்தும் ஒரே வட்டத்திற்குள் இருந்தமையால், இசைவு பெறும் நெடுஞ்சங்கிலி தேவைப்படவில்லை. 1980களில் பெருநிறுவனங்களை நாடாமல் இருந்ததன் பயன், இருபதாண்டுகளுக்குப் பின் இவ்வடிவில் வெளிப்பட்டது.

6. விலையின் கணக்கு

ஒரு கச்சேரிக்குப் பரிந்துரைக்கப்பட்ட விலை ஐந்து டாலர். எனினும் தொடக்கத்தில் வாங்குவோர் ஒரு டாலர் முதல் நூறு டாலர் வரை தாம் விரும்பிய தொகையைச் செலுத்த இயன்றது. தொகுப்பு முழுவதையும் பெற விரும்புவோர்க்கு 500 டாலர் என்னும் ஒற்றைக் கட்டணமும் வகுக்கப்பட்டது. இவ்விலைகளை மூன்று கோணங்களில் ஆராயலாம்.

முதலாவது, ஐட்யூன்ஸ் விலையோடு ஒப்பீடு. இருபது பாடல்கள் கொண்ட ஒரு கச்சேரியைப் பாடலுக்கு 99 சென்ட் வீதம் விற்றால், வாங்குவோர் செலுத்துவது 19.80 டாலர். ஐந்து டாலருக்கு அதே கச்சேரி கிடைக்கும்போது பாடலுக்கு 25 சென்டே ஆகிறது. 500 டாலர் செலுத்தியவர்க்கு, எண்ணூறு கச்சேரிகள் எனக் கொண்டால், ஒரு கச்சேரியின் விலை ஏறத்தாழ 63 சென்ட். அஃதாவது ஒரு முழு இரவின் இசை, கடையில் விற்கும் ஒரு பாடலைவிட மலிவு.

இரண்டாவது, பணவீக்கம். 1988க்கும் 2011க்கும் இடையே அமெரிக்க நுகர்வோர் விலைக்குறியீடு ஏறத்தாழ 118இலிருந்து 225ஆக உயர்ந்தது. 1988இல் ஐந்து டாலர் கொடுத்து அரங்கில் நுழைந்தவர் செலுத்திய தொகை, 2011இன் மதிப்பில் ஒன்பதரை டாலராகும். எனவே எண்ணளவில் மாறாத ஐந்து டாலர், மெய்ம்மதிப்பில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துள்ளது. வெளித்தோற்றத்தில் ‘அதே விலை’ எனினும், கச்சேரியை நேரில் காண்பதற்கும் அதன் பதிவைக் கேட்பதற்கும் இடையிலான வேறுபாட்டை இச்சரிவு ஓரளவு ஈடுசெய்கிறது.

மூன்றாவது, நெகிழ்வு விலையின் பொருள். ரேடியோஹெட் வகுத்த முறையில் எதுவும் செலுத்தாமலும் பெற இயன்றது. ஃபுகாசியின் முறையில் ஒரு டாலரேனும் செலுத்த வேண்டியிருந்தது. அதே வேளையில் ஐந்து டாலர் என்னும் பரிந்துரை, வாங்குவோர்க்கு ஒரு நியாய அளவைக் காட்டுகிறது. வறியவர்க்குக் கதவு மூடப்படவில்லை. இசைக்கு விலையே இல்லை என்றும் சொல்லப்படவில்லை. பணம் திருப்பிக் கொடுக்கும் உறைகளில் வெளிப்பட்ட உடன்பாட்டு மனப்பான்மையே இங்கும் தொடர்கிறது எனலாம். வாங்குபவரை வழக்கால் அச்சுறுத்திய தொழில்துறையின் நடுவே, வாங்குபவரின் மனச்சான்றை நம்பிய விற்பனைமுறை இது.

7. ஆவணம் என்னும் நிலையில்: பயனும் வரம்பும்

வரலாற்றாய்வாளர்க்கு இத்தொகுப்பின் மதிப்பு இசையோடு முடிவதில்லை. கச்சேரி ஒவ்வொன்றின் பக்கத்திலும் நாள், இடம், பாடல் வரிசை ஆகியவற்றோடு நுழைவுக் கட்டணம், வந்தோர் எண்ணிக்கை, பதிவு செய்தவர், மூலநாடாவின் வகை போன்ற விவரங்களும் கிடைத்தவரை தரப்பட்டுள்ளன. துண்டறிக்கைகளும் நிழற்படங்களும் ரசிகர்களிடமிருந்து பெற்றுச் சேர்க்கப்பட்டன. பொதுவாக இசைவரலாற்றில் விற்பனைப் பட்டியல்களே எண்சான்றாகப் பயன்படுகின்றன. இங்கோ ஒரு குழுவின் கச்சேரி வாழ்க்கை முழுவதையும் ஊர்வாரியாக, ஆண்டுவாரியாக, கட்டணவாரியாக ஆராய இயலும். பாடல்களுக்கிடையே மேடையில் நிகழ்ந்த பேச்சும் பதிவில் எஞ்சியிருப்பதால், வன்முறையைக் கண்டித்த சொற்களும் அன்றைய அரசியல் குறித்த கருத்துகளும் ஆய்வுக்குக் கிடைக்கின்றன.

எனினும் சான்றின் வரம்புகளையும் சுட்டுதல் வேண்டும். ஒலிக்கலவைப் பலகையிலிருந்து எடுக்கப்பட்ட பதிவில் மேடையின் ஒலி முன்னிற்கும். அரங்கின் ஒலி பின்னடையும். வியர்வையும் நெருக்கடியும் கூச்சலும் நிறைந்த கச்சேரி இரவின் ஒரு பகுதியே கோப்பில் அடங்குகிறது. கூட்டத்தில் நின்ற பெண்களும் சிறுவயதினரும் அவ்விரவை எவ்வாறு உணர்ந்தனர் என்பதை ஒலி மட்டும் சொல்லாது. மேலும், இது குழுவினர் தாமே தொகுத்த ஆவணம். எதைச் சேர்ப்பது, எவ்வாறு விவரிப்பது என்னும் முடிவுகள் அவர்களுடையவை. ஜெம் கோஹன் இயக்கிய ‘இன்ஸ்ட்ருமென்ட்’ (1999) ஆவணப்படம் போன்ற பிற சான்றுகளோடு ஒப்பிட்டே இதனைப் பயன்படுத்துதல் தகும்.

விலைக்கொள்கையைப் பொறுத்தும் ஒரு மறுப்பு எழக்கூடும். குறைந்த கட்டணத்தின் பின்னே ஊதியமற்ற உழைப்பு மறைந்திருந்தது. நிதிதிரட்டும் கச்சேரிகளை நடத்தியவர்கள் தன்னார்வலர்கள்; கலைஞர்கள் ஒரே வீட்டில் கூடி வாழ்ந்து செலவைக் குறைத்தவர்கள். அன்றைய வாடகையும் இன்றைய வாடகையும் ஒன்றல்ல. பதினைந்தாண்டுக் கச்சேரிகளால் ஈட்டிய நம்பிக்கை இல்லாத புதிய குழு, அதே விலையில் அதே பயனை எதிர்பார்க்க இயலாது. இம்மறுப்பு வலுவானது. ஆயினும் அது கொள்கையை வீழ்த்தவில்லை. அதன் செலவை யார் சுமந்தனர் என்பதைத் தெளிவாக்குகிறது. மலிவு என்பது எப்போதும் யாரோ ஒருவரின் பங்களிப்பால் இயல்வது. ஃபுகாசியின் முறையில் அப்பங்களிப்பு அறிந்தும் விரும்பியும் தரப்பட்டது என்பதே பெருநிறுவன ஒப்பந்தங்களிலிருந்து அதனை வேறுபடுத்துகிறது.

8. முடிவுரை

ஃபுகாசியின் ஆவணத் திட்டம் தோன்றுவதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 2008இல், பேண்ட்கேம்ப் என்னும் இணையக்கடை தொடங்கப்பட்டிருந்தது. கலைஞரே விலையை முடிவு செய்யலாம். வாங்குவோர் விரும்பினால் கூடுதலாகவும் செலுத்தலாம் என்னும் முறையை அது எல்லாச் சுயாதீனக் கலைஞர்க்கும் பொதுவாக்கியது. எண்ணிம விற்பனையில் அது பொதுவாகப் பதினைந்து விழுக்காட்டையே கழிவாக எடுத்தது. 2020 மார்ச் 20 அன்று, பெருந்தொற்றால் கச்சேரிகள் நின்றபோது, தன் கழிவை ஒருநாள் முழுவதும் விட்டுக்கொடுத்தது. ஆயினும் 2022இல் எபிக் கேம்ஸ் நிறுவனமும், 2023இல் சாங்டிராடர் நிறுவனமும் அதனை அடுத்தடுத்து வாங்கின. இரண்டாம் கைமாற்றத்தின்போது ஊழியருள் ஏறத்தாழப் பாதிப்பேர் வேலையிழந்தனர். பாடலின் உரிமை கலைஞரிடம் இருப்பினும், கடையின் உரிமை பிறரிடம் இருந்தால் நிலைத்த ஏற்பாடு அமையாது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

இவ்வாய்வின்வழி பெறப்படும் முடிவுகள் மூன்று. ஒன்று, ஃபுகாசியின் ஐந்து டாலர்ப் பதிவிறக்கம் இணையக் காலத்தின் புதுமையன்று. கச்சேரி வாயிலில் பதினைந்தாண்டுகள் காக்கப்பட்ட உடன்பாட்டின் தொடர்ச்சி. இரண்டு, மலிவும் சட்டப்பூர்வத் தன்மையும் ஒருங்கே அமைந்தமைக்குப் பாடல், ஒலிப்பதிவு, விநியோகம் ஆகிய மூன்றின் உரிமையும் கலைஞர் வட்டத்திலேயே இருந்தது காரணம். கோப்பு வடிவம் துணைக்காரணமே. மூன்று, விலை என்பது இசைவரலாற்றின் புறச்செய்தியன்று. அரங்கினுள் யார் நுழையலாம், யார் கேட்கலாம், யாருடைய இரவு நினைவில் எஞ்சலாம் என்பவற்றை அது முடிவு செய்தது. இசைக்கச்சேரிகளின் வரலாற்றை எழுத முற்படுவோர் பாடல் நிரலையும் விமரிசனங்களையும் தேடும் அக்கறையோடு, வாயிலில் வாங்கப்பட்ட கட்டணத்தின் குறிப்பையும் தேடிப் பதிவு செய்தல் வேண்டும்.